“புரிஞ்சுது சிஸ்டர்”: பிள்ளைகளின் வாசிப்பும் ஆபரேஷன் தியேட்டரும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு நடுவே, பூட்டிக் கிடந்த பழைய கிரெச் கட்டடத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். அதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் ஸ்டாஃப் நர்ஸ். பிள்ளைகளுக்கு நான் இன்னும் சிஸ்டரம்மாதான். பெற்றோரும், உதவிக்கு வருகிற காலேஜ் பிள்ளைகளும், கூட வேலை பார்த்த நர்ஸ்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்கு வாய் வலி மிச்சம்.

நீங்கள் நர்ஸ். வாசிப்பு ஆராய்ச்சியெல்லாம் உங்களுக்கு எதுக்கு?

எல்லாம் ஒரு டீயால் வந்த வினை. ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்திருந்த ஒரு தோட்டத் தொழிலாளியிடம் முதல் நாள் சாயங்காலம் நான்தான் சொன்னேன்: “நாளைக்குக் காலையில எதுவும் சாப்பிடாம இருக்கணும். புரிஞ்சுதா அண்ணா?” “புரிஞ்சுது சிஸ்டர்.” மறுநாள் தியேட்டர் வாசலில் கேட்டபோதும் “ஒண்ணும் சாப்பிடலீங்க” என்றார், பொய் சொல்கிற முகமே இல்லை. மயக்க மருந்து டாக்டர் பழம் தின்று கொட்டை போட்டவர், கேள்வியை மாற்றிப் போட்டார்: “எழுந்ததிலேருந்து வாயில என்னென்ன போட்டீங்க?” “டீ மட்டும்தான் சார். தொட்டுக்க ஒரு வர்க்கி.”

அன்றைக்கு ஆபரேஷன் இல்லை. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. வெறும் தண்ணீரையே இரண்டு மணி நேரம் முன்னால் நிறுத்தச் சொல்வார்கள், பால் சேர்ந்த டீ என்றால் ஆறு மணி நேரம். ஆனால் எங்கள் மலையில் டீயும், வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டும் சாப்பாட்டுக் கணக்கில் வராது, அது குளிருக்குப் போர்வை மாதிரி. “வாங்க, டீ சாப்பிடலாம்” என்று கூப்பிடுவதும் நாம்தான், “சாப்பிட்டாச்சா” என்றால் சோறோ பலகாரமோதான் என்று எடுத்துக்கொள்வதும் நாம்தான். அந்த அண்ணன் நான் சொன்னதை அவர் பாஷையில் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்திருந்தார். நான் “புரிஞ்சுதா” என்று கேட்டு, “புரிஞ்சுது” என்பதை வாங்கிக்கொண்டு, நோட்டில் டிக் போட்டுவிட்டுப் போய்விட்டேன். தள்ளிப்போன ஆபரேஷனில் அவருக்கு ஒரு வாரக் கூலி போனது. ரிட்டயர் ஆகி இங்கே வந்து உட்கார்ந்தால், பிள்ளைகளிடமிருந்து அதே “புரிஞ்சுது”தான் தினமும் வருகிறது. அப்போதுதான் இதைப் பற்றி யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

என் பையன் கடகடவென்று வாசிக்கிறான், கேள்வி கேட்டால் முழிக்கிறான். ஏன்?

முதலில் ஒரு சின்னச் சோதனை. அவன் வாசித்த அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவன் கேட்கட்டும். காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் படித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்துக்கூட்டுவதில் இருக்கிறது. கேட்டாலும் புரியவில்லை என்றால் சொற்கள் போதவில்லை, அல்லது விஷயமே புதிது. 1986-ல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே போட்டார்கள்: எழுத்தைப் படிக்கும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிவது. கூட்டல் போடாமல் பெருக்கல் போட்டார்கள் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் விடை பூஜ்யம்.

இந்த இரண்டும் ஓரளவு இருந்தும் மூன்றாவதாக ஒரு வகை உண்டு, என் வகுப்பில் பாதிப் பேர் அதுதான். தனக்குப் புரியவில்லை என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. எலன் மார்க்மன் 1979-ல் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே முரண்பாடு வைத்த கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார். கடலின் அடியில் வெளிச்சமே கிடையாது என்று ஒரு வரி, அங்கே இருக்கும் மீன்கள் தங்கள் இரையை நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் என்று இன்னொரு வரி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடப் பலர் எந்தத் தப்பும் தெரியாமல் படித்து முடித்தார்கள்.

நானும் விடுவேனா, இந்த ஊருக்கு ஏற்ற மாதிரி ஒன்று எழுதினேன்: “நேற்று இரவு வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தன. விடிய விடிய மழை கொட்டியது. காலையில் புல்வெளி முழுக்க உறைபனி படர்ந்திருந்தது. மிலாறு போட்டு மூடிய நாற்றுகள் மட்டும் தப்பின.” டிசம்பரில் தினமும் உறைபனி பார்க்கிற பிள்ளைகள் இவர்கள். பதினோரு பேர் வாசித்தார்கள், ஒன்பது பேர் “நல்லா இருக்கு சிஸ்டரம்மா.” ஒரு பெண் மிலாறு என்றால் என்ன என்று கேட்டாள் (பனி படாமல் நாற்றை மூடுகிற செடிக் கொப்பு), அதுவே பெரிய விஷயம். வரிக்குக் கீழே விரல் வைத்து ஊர்ந்து ஊர்ந்து படிக்கிற ஒரு நாலாம் வகுப்புப் பையன் மட்டும் மழையில் நின்றுவிட்டான். மேலே போனான், திரும்பக் கீழே வந்தான். “மேகம் இல்லாம எப்படி மழை? அச்சுல தப்பா வந்துருக்கு.” வகுப்பிலேயே மெதுவாக வாசிக்கிறவன் அவன்தான். அவனுக்கு ஸ்கூலில் என்ன மார்க் என்று கேட்காதீர்கள்.

தமிழ் எழுதியபடியே வாசிக்கிற மொழிதானே, அதில் என்ன கஷ்டம்?

எழுத்தே கஷ்டம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. ஆங்கிலத்தின் 26-ஐ வைத்து “ஒரு வருடத்தில் வாசித்துவிட வேண்டும்” என்று போட்ட கணக்கு நமக்குப் பொருந்தாது. பக்கத்துக் கன்னடத்தில் பிள்ளைகள் அட்சரங்களை எந்த வேகத்தில் கற்கிறார்கள் என்று சோனாலி நாக் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார். ஆங்கிலப் பிள்ளைகளைவிட நிதானமாக, தொடக்கப் பள்ளியின் பல வருடங்களுக்கு அது நீள்கிறது. ஆகவே இரண்டாம் வகுப்பில் தடுமாறுகிற பிள்ளையை மக்கு என்று முடிவு கட்டாதீர்கள்.

அப்புறம் பேச்சும் எழுத்தும். வீட்டில் “வந்துட்டான்”, புத்தகத்தில் “வந்துவிட்டான்”. நமக்கு ஒன்றுபோலத் தெரிகிறது, முதல் தடவை பார்க்கிற கண்ணுக்கு அது வேறு சொல்.

இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது ஒன்று இருக்கிறது, யாரும் அதிகம் பேசுவதில்லை. தமிழில் வாக்கியத்தின் தீர்ப்பு கடைசிச் சொல்லில், அதிலும் கடைசி அசையில் இருக்கிறது. “மழை பெய்த அன்று மேய்ச்சலுக்குப் போன மாடுகளைத் தேடிக் காட்டுக்குள் சென்ற பெரியவர் இருட்டுவதற்குள் வீடு திரும்பவில்லை.” எழுத்துக்கூட்டி மூச்சு வாங்குகிற பிள்ளை “வீடு திரும்ப” வரைக்கும் வந்ததும் அப்பாடா என்று விட்டுவிடுகிறது. பெரியவர் பத்திரமாக வீடு வந்துவிட்டார், கதை முடிந்தது! அடுத்த பத்தியில் ஊரே ஏன் டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்புகிறது என்று அதற்கு விளங்குவதில்லை.

பிள்ளைகள் மட்டுமா? நான் வேலை பார்த்த இடத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்த ஒரு தாளில் இப்படி இருந்தது: “இரத்தம் உறையாமலிருக்க வழங்கப்படும் மாத்திரைகளை மருத்துவரின் ஆலோசனையின்றி நிறுத்தவோ தொடரவோ கூடாது.” நிறுத்தவும் கூடாதாம், தொடரவும் கூடாதாம், பிறகு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? எம்.ஏ. படித்த ஒருவர் என்னிடம் வந்து கேட்டார். டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்பதுதான் அதன் அர்த்தம். அதை நாலு சொல்லில் எழுதியிருக்கலாம்.

ஸ்கூலில்தான் பாடம் முடிந்ததும் கேள்வி கேட்கிறார்களே, அது போதாதா?

கேள்வி கேட்பது சோதிப்பது. எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லித்தருவது வேறு வேலை. டொலோரஸ் டர்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களின் கடைசியில் நாலாம் வகுப்பு வாசிப்புப் பாடவேளைகளில் போய் உட்கார்ந்து கடிகாரத்தை வைத்துக் கணக்கெடுத்தார். மொத்தம் 4,469 நிமிடம் பார்த்ததில், புரிந்துகொள்வதைக் கற்றுக்கொடுக்கச் செலவானது 20 நிமிடம். மற்ற நேரம் சும்மா இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம், கேள்வி கேட்டார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள், விடை சரிபார்த்தார்கள். நீச்சல் தெரியாதவனைத் தண்ணீரில் தள்ளிவிட்டு மார்க் போடுவது மாதிரி.

எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கும்போது உங்கள் வகுப்பு எதற்கு?

தமிழக அரசின் நல்ல திட்டம் அது. 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் என்று ஆரம்பித்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பிரித்து நடத்துகிறார்கள். என் வகுப்பு அதற்குப் போட்டி இல்லை. சாயங்காலம் அம்மா கொழுந்து எடை போட்டுவிட்டு வரும்வரை பிள்ளைகள் எங்கேயாவது இருக்க வேண்டுமே.

அப்படியானால் நீங்கள் என்னதான் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

நான் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. 1984-ல் ஆன்மேரி பாலின்சர், ஆன் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் ஒரு முறையைச் சோதித்து எழுதினார்கள். எழுத்தைப் படிக்கத் தெரியும், புரிவதில்லை என்ற நிலையில் இருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சின்னக் குழுவாக உட்காரவைத்து, நாலு வேலைகளை மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னார்கள்: அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி உண்டாக்குவது, விளங்காததைத் தெளிவாக்கிக்கொள்வது, சுருக்கிச் சொல்வது. முதலில் டீச்சர் செய்துகாட்டுவார், பிறகு ஒவ்வொரு பிள்ளையாக டீச்சர் இடத்தில் உட்காரும். மாறி மாறிக் கற்பித்தல் என்று வைத்துக்கொள்ளலாம்.

போன மாதம் மலை ரயிலைப் பற்றி ஒரு பக்கம் எடுத்தோம். தலைப்பைப் பார்த்து ஊகிக்கும் வேலை ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு. “எஞ்சின் முன்னாடி நின்னு இழுக்கும், மலையில ஏறும், சுரங்கம் வரும்.” சரி, படிப்போம். மூன்றாவது வரியில் எஞ்சின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது என்று வந்தது. அவள் நிறுத்தினாள். தன் ஊகம் தப்பானதில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது, ஆனால் அந்தக் கோபம்தான் அவளை அந்த வரியை இரண்டாம் முறை படிக்கவைத்தது. அடுத்து “பற்சட்டம்” என்ற சொல். தெளிவாக்கும் வேலை இருந்த பையன் பல்லையும் சட்டத்தையும் பிரித்து, சட்டம் என்றால் கோர்ட்டா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்துவிட்டு, பிறகு படத்தைப் பார்த்து அவனே சொன்னான்: தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்பு, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறும். கேள்வி உண்டாக்குகிற பிள்ளை வழக்கமாக “ரயில் எங்கே போகிறது?” என்றுதான் கேட்பாள், அன்றைக்கு “ஏன் கல்லாறுலேருந்து குன்னூர் வரைக்கும் மட்டும் அந்தப் பல்? குன்னூருக்கு மேல ஏன் இல்ல?” என்றாள். விடை அந்தப் பக்கத்திலேயே இருந்தது, செங்குத்தான ஏற்றம் அந்தத் துண்டில்தான், 12 அடி போனால் ஒரு அடி ஏறுகிற இடமும் அதில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் முடிகிற பக்கம் ஐம்பது நிமிடம் ஓடியது. யாரும் “புரிஞ்சுது” என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதில் நான் செய்கிற முக்கியமான வேலை ஒன்றுதான்: வாய்விட்டு யோசிப்பது. வாசித்துக்கொண்டே “இந்த இடம் எனக்கு விளங்கல, மேல போய்ப் பாக்குறேன்” என்று சத்தமாகச் சொல்வேன். பெரியவர்களுக்கும் விளங்காமல் போகும் என்பதே பல பிள்ளைகளுக்கு முதல் தடவையாகத் தெரிகிறது.

இது நிஜமாகவே பலன் தருமா? எத்தனை நாள் செய்ய வேண்டும்?

தரும், ஆனால் மந்திரம் கிடையாது. 1994-ல் ரோசன்ஷைனும் மைஸ்டரும் இந்த முறை பற்றிய 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆய்வாளர்கள் தாங்களே தயாரித்த தேர்வில் முன்னேற்றம் பெரிதாகத் தெரிந்தது, பொதுவான தரப்படுத்திய தேர்வில் பாதிகூட இல்லை. யாராவது “அற்புதமான பலன்” என்றால் எந்தத் தேர்வில் என்று கேளுங்கள். நாட்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் பலன் கூடுவதில்லை. உத்தி சீக்கிரம் கைக்கு வந்துவிடும், அதன் பிறகு வேண்டியது நிறையப் படிப்பதும் நிறைய விஷயம் தெரிந்துகொள்வதும்தான்.

விஷயம் தெரிந்திருந்தால் மெதுவாக வாசிக்கிறவருக்கும் புரியுமா?

புரியும், சில சமயம் நன்றாக வாசிக்கிறவரைவிட. 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பத்தியைக் கொடுத்து, மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்தி நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கி, ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை மிஞ்சினார்கள்.

எங்கள் பேஸ்பால் கவாத்து. நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியை மொட்டையாக வெட்டிவிடுவது பற்றி அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். டவுனிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஒரு இங்கிலீஷ் மீடியம் பிள்ளை தங்கு தடையில்லாமல் வாசித்தது, பிறகு “பாவம், செடியெல்லாம் செத்துப்போச்சு” என்றது. லைன் வீட்டுப் பையன் நாலு இடத்தில் திக்கினான், ஆனால் கவாத்து வெட்டினால் மறுபடி கொழுந்து வரும் வரை அந்தத் தேயிலைக் காட்டில் பறிக்கிற வேலை இருக்காது என்று பத்தியில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னான்.

சரி, ஆபரேஷன் தியேட்டரில் இதெல்லாம் எங்கே வருகிறது?

வயிறு திறந்து செய்த ஒரு ஆபரேஷன், எங்கே என்று சொல்ல மாட்டேன். நான் ஸ்க்ரப் நர்ஸ், சர்ஜன் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கிறவள். வயிற்றை மூடுவதற்கு முன் மாப் எண்ண வேண்டும், அதாவது ரத்தம் ஒற்றுகிற துணி. பத்து கொடுத்திருக்கிறோம், பத்து திரும்பி வர வேண்டும். நானும் கூட இருந்த சிஸ்டரும் ஒன்று, இரண்டு என்று ராகமாக எண்ணி “பத்து சார், கவுண்ட் கரெக்ட்” என்றோம். சார் ஊசியை வாங்கிவிட்டார். எனக்கு என்னவோ உறுத்தியது, எட்டு என்று சொன்னபோது என் கண் மாப்பில் இல்லை, வாய்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தது. “சார், ஒரு நிமிஷம்” என்றேன். பெரியவரிடம் அப்படிச் சொல்வது அப்போது லேசான காரியம் இல்லை. மறுபடி ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு எண்ணினால் ஒன்பது. பத்தாவது, கல்லீரலுக்குப் பின்னால் ரத்தத்தில் ஊறி, சதையோடு சதையாகக் கிடந்தது.

மேகமில்லாத வானத்தில் மழை பெய்ததை ஒன்பது பேர் தாண்டிப் போனார்களே, அதே கடகட வாசிப்புதான் எங்கள் எண்ணிக்கையும்.

இதற்காகத்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புச் செக்லிஸ்ட் கொண்டுவந்தது. ஒரே தாள், 19 விஷயம், மூன்று இடத்தில் நிற்க வேண்டும்: மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியே போகும் முன். அமெரிக்க சர்ஜன் அதுல் கவாண்டேயின் குழு அதை எட்டு நகரங்களில், ஒன்று புதுதில்லி, எட்டு மருத்துவமனைகளில் சோதித்தது. 2009 ஜனவரியில் முடிவு வந்தது: இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது, சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆனது. கத்தி வைக்கும் முன் எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. பலர் அதைக் கேலி செய்தார்கள். ஒரு தடவை வாயைத் திறந்து பெயர் சொன்னவருக்கு “சார், ஒரு நிமிஷம்” என்று சொல்வது சுலபம், எனக்கு அது வேலை செய்தது.

அப்படியானால் செக்லிஸ்ட் வைத்தாலே போதுமே?

கனடாவின் ஒண்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் வைத்துப் பார்த்து 2014-ல் எழுதினார்கள். இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65, சொல்லிக்கொள்ளும் அளவுக்கு மாற்றம் இல்லை. ஏன் என்று அங்கே பெரிய சண்டையே நடந்தது. என் பார்வையைச் சொல்கிறேன்: தாளை அனுப்புவது சுலபம், நிற்கவைப்பது கஷ்டம். நான் பார்த்த ஒரு தியேட்டரில் அன்றைய ஆறு கேஸுக்கும் மூன்று கட்டத்தையும் சேர்த்துக் காலை எட்டு மணிக்கே டிக் அடித்து வைத்துவிடுவார்கள், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் பார்த்தால் நூற்றுக்கு நூறு. திருக்குறளை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு அர்த்தம் கேட்டால் விழிக்கிற பிள்ளைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தென் கரோலினாவில் வேறு மாதிரி செய்தார்கள். கட்டாயம் இல்லை, விருப்பமுள்ள மருத்துவமனைகள் சேர்ந்தன, தங்கள் இடத்துக்கு ஏற்றபடி தாளைத் திருத்திக்கொண்டன, ஆட்களோடு உட்கார்ந்து பேசினார்கள். கடைசி வரை நின்ற 14 மருத்துவமனைகளில் ஆபரேஷனுக்குப் பின் 30 நாளுக்குள் இறப்பு 2010-ல் 3.38 சதவீதம், 2013-ல் 2.84.

பெரிய டாக்டர், முப்பது வருட அனுபவம். அவருக்கும் செக்லிஸ்ட், கோச்சிங் எல்லாம் வேண்டுமா?

மிச்சிகனில் 20 அறுவைச் சிகிச்சை நிபுணர்கள், உடல் எடை குறைக்கும் ஆபரேஷன் செய்கிறவர்கள், தாங்கள் செய்த ஆபரேஷன் வீடியோ ஒன்றைக் கொடுத்தார்கள். யாருடையது என்று சொல்லாமல் சக நிபுணர்கள் பார்த்து மார்க் போட்டார்கள். கடைசிக் கால்பங்கில் இருந்தவர்களின் நோயாளிகளுக்குச் சிக்கல் 14.5 சதவீதம், முதல் கால்பங்கில் 5.2. இது பர்க்மேயர் குழு 2013-ல் வெளியிட்டது. எல்லாரும் தகுதி பெற்ற டாக்டர்கள்தான், கைத்திறனில் அவ்வளவு தூரம் இருக்கிறது. அதை இன்னொருவர் பார்த்துச் சொன்னால்தான் தெரியும், தன் குரலைத் தானே கேட்டு ராகம் சரியா என்று சொல்ல முடியாத மாதிரி.

எனக்குப் பிடித்தது டொராண்டோவின் கரோல்-ஆன் மோல்டன் குழு 2007-ல் எழுதியது. கைதேர்ந்தவர் பெரும்பகுதி வேலையைப் பழக்கத்திலேயே செய்கிறார், ஆனால் எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது. சில இடம் முன்னாலேயே தெரியும், சில இடம் திடீரென்று வரும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்ல சர்ஜன் ஒருவர் கேஸ் முழுக்க எங்களைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார், பித்தப்பைக் குழாய் பக்கம் வந்ததும் “பாட்டைக் குறைங்க” என்பார். அதற்குப் பிறகு தியேட்டரில் மானிட்டர் சத்தம் மட்டும்தான்.

கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. கீழே சமவெளியிலிருந்து வருகிறவர்கள் வளைவில் போய்ப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பார்கள், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். நம் ஊர் பஸ் டிரைவர் வளைவு வரும் முன்பே கியரைக் குறைத்துவிடுவார். அந்த விரல் வைத்துப் படிக்கிற பையனும் அதைத்தான் செய்தான். இப்போது என் வகுப்பில் ஒரு விதி உண்டு: எங்கே வேகம் குறைந்ததோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வை. புள்ளியே இல்லாத பக்கத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன். நாங்கள் என்ன செய்யலாம்?

டாக்டரோ நர்ஸோ சொன்னதை அவர்களிடமே திருப்பிச் சொல்லுங்கள். “சார், நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க.” எந்த டாக்டரும் கோபிக்க மாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை. நர்ஸ்களுக்கு: “புரிஞ்சுதா” என்று கேட்காதீர்கள், “வீட்டுக்குப் போயி அக்காகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?” என்று கேளுங்கள். டீயும் வர்க்கியும் அங்கேயே வெளியே வந்துவிடும். எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று உடம்பில் குறி போட்டார்களா பாருங்கள். என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை எத்தனை பேர் கேட்டாலும் சலிக்காமல் சொல்லுங்கள், திரும்பத் திரும்பக் கேட்பது நல்ல தியேட்டரின் அடையாளம்.

எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது சிஸ்டர். பிள்ளைக்கு நான் எப்படி உதவுவது?

உங்களால்தான் முடியும். அடுப்படியில் வேலை செய்துகொண்டே “இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாது என்பது பிள்ளைக்குத் தெரியும், அதனால் அது ஒழுங்காகச் சொல்லியாக வேண்டும், தெரிந்த டீச்சரிடம் அரைகுறையாகச் சொல்லித் தப்பிப்பது இங்கே நடக்காது. நடுவில் “அவன் ஏன் அங்க போனான்?” என்று ஒரு கேள்வி போடுங்கள். பதில் வராவிட்டால் “பாத்துட்டு வந்து சொல்லு.” அவ்வளவுதான். என் வகுப்பில் நன்றாகச் சுருக்கிச் சொல்கிற பிள்ளையின் அம்மா கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிறவர்.

வீட்டில் படுகு, கன்னடம், மலையாளம் பேசுகிற பிள்ளைகள்?

வீட்டு பாஷையில் விளக்கம் சொல்லட்டும், தடுக்காதீர்கள். புத்தகம் தமிழில், பேச்சு எந்த பாஷையில் இருந்தாலும் புரிந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

போனில் கதை கேட்டால் போதாதா?

கேட்கட்டும், சொல் வளரும். வாசிப்பு ஆகாது.

வகுப்புக்கு உதவ வர நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும்?

முதல் வாரம் எதுவும் சொல்லிக்கொடுக்காமல் பின்னால் உட்கார்ந்து கேளுங்கள், எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது, எங்கே நிற்காமல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பரிசு, சாக்லேட் எல்லாம் வேண்டாம், பென்சில் கொண்டுவந்தால் போதும், புள்ளி வைத்து வைத்துச் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. நாலரைக்கு ஆரம்பித்து ஆறு மணிக்குள் முடித்துவிடுவோம், அதற்கு மேல் அந்தப் பாதையில் காட்டெருமையும் கரடியும் இறங்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, டார்ச்சில் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.